சேலைக்கு மேல் ஒரு சட்டை

அத்தியாயம் 9

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மலர்க்கொடி கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாளை ஓசைப்படாமல் நீக்கினாள். சொந்த வீட்டில், பெற்ற மகனுக்குப் பயந்து, ஐம்பத்தேழு வயதில் பூனை நடை நடக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

தகரக் கொட்டகைக்குள் யாரும் தொடாத பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். வாளிக்கு அடியில் அந்தச் சட்டை இருந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. அவள் புருஷன் மதுரைவீரனுடையது. அவர் கண்ணை மூடி ஏழு வருடம் ஆகிறது.

சேலைக்கு மேல் சட்டையை மாட்டி, கை இரண்டையும் முழங்கை வரை சுருட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். பிறகு இடது மார்புப் பையைத் தொட்டுப் பார்த்தாள். நாலாக மடித்த காகிதம் பத்திரமாக இருந்தது. தினமும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக இரண்டு வரி. வேப்பந்தட்டைப் பக்கத்தில் புன்செய்க் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் இப்படி ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். மக்காச்சோளத் தோகை கையை அறுக்காமல் இருக்க, வெயில் முதுகை உரிக்காமல் இருக்க. மலர்க்கொடி எட்டு வயதில் போட்ட சட்டையை ஐம்பத்திரண்டு வயது வரை கழற்றவில்லை. மகன் கலைமணி படித்து, கணக்கு வாத்தியாராகி, மெத்தை வீடு கட்டி, பால் காய்ச்சிய அன்று அம்மாவின் வேலைச் சட்டைகளை எல்லாம் வாரி வாசலில் போட்டுக் கொளுத்தினான். "இனிமே நீ ஒரு துரும்பக்கூடக் கிள்ளக் கூடாது" என்றான். ஊரே பார்த்தது. இந்த ஒரு சட்டை மட்டும் தலையணை உறைக்குள் இருந்ததால் தப்பியது.

அன்று உட்கார்ந்தவள்தான் மலர்க்கொடி. ஐந்து வருடம் உட்கார்ந்தே இருந்தாள். அந்த வீட்டில் அவள் அதிகம் கேட்ட சொல் 'உக்காரு'. மருமகள் வெற்றிச்செல்வி வந்த பிறகு அது 'உக்காருங்க அத்தை' ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உட்கார்ந்த உடம்பு என்ன செய்யும்? பெருத்தது. முழங்கால் பிடித்துக்கொண்டது. அண்ணன் மகள் முத்தமிழின் வளைகாப்பில் பந்திப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கலைமணி ஒரு கையையும் சமையற்காரர் ஒரு கையையும் பிடித்து, மூட்டையை ஏற்றுவதுபோல் தூக்கி நிறுத்தினார்கள். சிரித்தவர்களும் இருந்தார்கள். அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறும் வயிற்றில் சுகர் இருநூற்று அறுபத்தெட்டு.

மதுரைவீரனைக் கொண்டுபோனதும் அதே சுகர்தான். காலில் முள் குத்தியது அவருக்குத் தெரியவில்லை. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று திருச்சி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசி எட்டு மாதம் அப்பாவைத் தோளில் தூக்கிப் போய்க் கக்கூஸில் உட்கார வைத்தவன் கலைமணி. அந்தப் பிள்ளையிடம் போய் எனக்கும் அதே வியாதி என்று எந்த வாயால் சொல்வது? மலர்க்கொடி சொல்லவில்லை. அந்த டெஸ்ட் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள். அந்த வீட்டில் வேறு யார் கையும் படாத இடம் அது ஒன்றுதான்.

டாக்டர் சின்னப் பெண். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "தினம் நாப்பது நிமிஷம் நடங்கம்மா. உக்காந்து எழுந்திரிச்சுப் பழகுங்க. உள்ளங்காலக் கண்ணாடில பாருங்க. வெறுங்காலோட நடக்கவே கூடாது."

"இந்த வயசுலயாம்மா?"

"எந்த வயசுல ஆரம்பிச்சாலும் உடம்பு கேக்கும்மா. நீங்க ஆரம்பிங்க."

நடப்பதற்கு என்ன இருக்கிறது, பிறந்ததிலிருந்து நடக்கிறோமே என்றுதான் மலர்க்கொடியும் நினைத்தாள். முதல் நாள் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கிய பிறகுதான் சங்கடம் புரிந்தது. இத்தனை வருடமும் அவள் ஓர் இடத்துக்கு நடந்திருக்கிறாள். இடமே இல்லாமல் நடந்ததில்லை.

பால் சொசைட்டிக்குக் கேன் கட்டிப் போகும் கொளஞ்சியப்பன்தான் முதலில் மொபெட்டை நிறுத்தினான். "என்னாக்கா, விடியக்காலம் எங்க கெளம்பிட்ட?" அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கையில பையக் காணோம், ஒண்ணக் காணோம். மருமவகூடச் சண்டையா?" அடுத்த நாள் ஒருத்தி, "யாரு செத்துட்டா?" என்று பதறி ஓடி வந்தாள். மூன்றாம் நாள் ஒரு கட்டைப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். பைக்குள் என்ன என்று கேட்டார்கள். நான்காம் நாள் பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. கொளஞ்சியப்பன் ஹாரன் அடித்து விலகிப் போனான். விடியற்காலையில் சேலைக்கு மேல் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டியவளை எவன் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்பான்? அவள் வேலைக்குப் போகிறாள்.

இன்று பத்தொன்பதாம் நாள்.

முதல் நாள் கரண்டு டிரான்ஸ்பாரம் வரைதான் போக முடிந்தது. அங்கேயே மூச்சு வாங்கியது. அடுத்த வாரம் தண்ணீர் டேங்க். இப்போது ஓடைப் பாலம். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். தை மாதத்துப் பனியில் மேற்கே மலை தெரியவில்லை. இரு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்து, கதிர் ஒடிப்புக்கு ஆள் இல்லாமல் நின்றது.

பாலத்தை ஒட்டி, கதிர் காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று உண்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மலர்க்கொடி களத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். முதல் வாரம் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குழந்தை மாதிரி குப்புறக் கவிழ்ந்துதான் எழுந்தாள். இப்போது ஒரு கை போதும். இன்று ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தாள். ஐந்தாவது முறை தொடை நடுங்கியது. ஆனாலும் எழுந்துவிட்டாள். மனசுக்குள் ஒரு சந்தோஷம், யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம்.

பின்னால் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. பின்பக்கம் முழுக்கச் சட்டை போட்ட பெண்கள். நடுவில் மருதாயி. முப்பது வருடம் மலர்க்கொடியோடு ஒரே வரப்பில் நின்று களை வெட்டியவள்.

"ஏறுடி மலரு! எத்தன நாளுதான் நடந்தே போவ?"

"நீங்க போங்கடி. நான் பின்னாடி வரேன்."

"எவன் காட்டுக்குப் போறன்னு சொல்லவே மாட்டங்கிற. அப்படி என்னாடி ரகசியம்?" என்றாள் மருதாயி. வண்டி முழுக்கச் சிரித்தது. மலர்க்கொடியும் சிரித்து வைத்தாள்.

வண்டி போனதும் இன்னொரு வெளிச்சம் வந்தது. இராமலிங்கத்தின் பைக். மலர்க்கொடி அதிக நாள் உழைத்தது இவர் காட்டில்தான். முன்பு கைகட்டி நின்று அவரைக் கூப்பிட்ட சொல்லைக் கலைமணி வேண்டாம் என்று தடுத்ததிலிருந்து, எந்தச் சொல்லும் போடாமலே அவரிடம் பேசப் பழகியிருந்தாள்.

"மலரா? நான் யாரோன்னு பாத்தேன். மறுபடியும் வர ஆரம்பிச்சிட்டியா? நல்லதாப் போச்சு. இப்ப எந்தக் காட்டுக்குப் போற?"

"இல்ல, சும்மா… அந்தப் பக்கம்."

"நம்ம காட்டுல ஏழு ஏக்கரு ஒடிக்காம நிக்குது. ஆளே கெடைக்கல. முப்பது வருஷம் நம்மகிட்ட செஞ்சுட்டு, இப்ப வேற எடத்துக்குப் போனா எப்படி? நாளைக்கு வந்துடு."

மலர்க்கொடி வரேன் என்றும் சொல்லவில்லை, வரலை என்றும் சொல்லவில்லை. துண்டைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். மனுஷர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, வேறு யாரோ முந்திக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து சட்டையை வாளிக்கடியில் வைத்துவிட்டு, கால் கழுவி, கலைமணி ஷேவ் பண்ணும் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வி வந்து நின்றாள்.

வெற்றிச்செல்வி தா.பழூர்க்காரி. பெரம்பலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. நாலரைக்கு எழுந்து முன்பக்கம் சமையலறையில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் முடித்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுவாள். மாமியாரை வேலை வாங்குகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. விளக்குமாற்றைக்கூட மாமியார் கைக்கு எட்டாமல் பீரோ மேல் வைத்துவிட்டுப் போகிறவள்.

"என்னத்த, கால்ல முள்ளா?"

"ஆமா… குத்துன மாதிரி இருந்துச்சு."

"வூட்டுக்குள்ள ஏது முள்ளு?" என்றாள் வெற்றிச்செல்வி. அவள் கண் வாசற்படிக்குப் போனது. அங்கே மாமியாரின் ரப்பர் செருப்பில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. "உக்காருங்க அத்தை, டீ எடுத்தாரேன்" என்று உள்ளே போய்விட்டாள். போகும்போது முகம் சுண்டியிருந்ததை மலர்க்கொடி கவனித்தாள். ஆபீஸில் ஏதாவது தொல்லையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கலைமணி வந்த விதமே சரியில்லை. பைக்கை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தான். செருப்பு ஒன்று வாசலில், ஒன்று படியில். டீயைக் கொண்டுபோய் வைத்த வெற்றிச்செல்வியிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"அம்மா, இங்க வா."

மலர்க்கொடி வந்தாள். உட்காரு என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். சொல்லவில்லை.

"இன்னைக்கு ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம். இராமலிங்கம் வந்திருந்தாரு, அவரு பேரன் விஷயமா."

மலர்க்கொடி வாசற்படியில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தாள்.

"ஹெச்.எம். இருக்காரு. ரெண்டு டீச்சருங்க இருக்காங்க. எல்லாரு முன்னாடியும் எங்கிட்ட வந்து கேக்கறாரு. 'சார், அம்மாவ நம்ம காட்டுக்கே அனுப்பி வைங்க சார். வேற யாரு காட்டுக்கோ தெனம் கதிரு ஒடிக்கப் போறாங்க. நமக்கு ஆளே கெடைக்கல'ன்னு. கிண்டல் இல்லம்மா. கையக் கட்டிக்கிட்டு, சார் சார்னு மரியாதையாத்தான் கேட்டாரு. அதுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"கலைமணி…"

"நான் சோறு போடலையா? துணி எடுத்துத் தரலையா? எங்கிட்ட என்னாம்மா கொற கண்ட?"

அதற்குள் வெற்றிச்செல்வி முந்திக்கொண்டாள். குரல் உடைந்திருந்தது. "எனக்கு ஒம்போது நாளா தெரியும். கொட்டகையில வாளிக்கடியில ஒரு கோடு போட்ட சட்டையப் பாத்தேன். வேர்வ ஈரம் காயல. நான்தான் சரியாப் பாத்துக்கலையோ, என் சமையலு புடிக்காமத்தான் போறாங்களோன்னு… யாருகிட்டக் கேக்கறது?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாருங்கள், ஒரு கிழட்டு முழங்காலுக்கு நடை பழக்கப் போய் ஒரு வீட்டில் இரண்டு பேர் மனம் இப்படிப் புண்பட்டுக் கிடந்தது. மலர்க்கொடிக்குத் தாங்கவில்லை.

"நான் எவன் காட்டுக்கும் போகலடா. ஒரு கதிரு ஒடிக்கல. நடக்கத்தான் போறேன்."

"நடக்கவா?"

"ஆமா. பாலம் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன்."

"அங்க என்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நடக்கறதுக்குப் போறேன்."

கலைமணி நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நடக்கறதுக்கு எதுக்கும்மா அப்பா சட்டை?"

மலர்க்கொடி சொன்னாள். சட்டை இல்லாமல் போன நாலு நாளில் கொளஞ்சியப்பன் கேட்டதை, யாரு செத்துட்டா என்று ஒருத்தி ஓடி வந்ததை, கட்டைப்பையைக்கூட விடாமல் கேட்டதை. "சட்டை போட்டேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல. நாம வேலைக்குப் போனா இந்த ஊருக்குப் பழக்கம். சும்மா நடந்தாத்தான்டா எல்லாருக்கும் சந்தேகம்."

கலைமணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு புதிது. "எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றான்.

"சொன்னா உக்காருன்னு சொல்லுவ."

கலைமணி டீ டம்ளரை நகர்த்தி வைத்தான்.

"திடீர்னு எதுக்கு நடக்கணும்? டாக்டரு யாரும் எதாச்சும் சொன்னாங்களா?" நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

இதுதான் சொல்ல வேண்டிய நேரம் என்று மலர்க்கொடிக்குத் தெரிந்தது. வாய் வரை வந்தது. அப்பாவைத் தூக்கி இறக்கிய தோள் இரண்டும் எதிரே இருந்தன. வந்ததை விழுங்கிவிட்டாள்.

"டாக்டரு என்னா டாக்டரு. முட்டி புடிச்சுக்கிச்சு. முத்தமிழ் வளகாப்புல நீதானே தூக்கி வுட்ட? அந்த மாதிரி இன்னொரு தடவ என்னை எவனும் தூக்கக் கூடாது. அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு, இருவரும் பார்க்க, கூடத்து டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, வேணாம் அத்தை" என்று வெற்றிச்செல்வி ஓடி வந்தாள்.

"தொடாத" என்றான் கலைமணி. அவனும் எழுந்து நின்றிருந்தான்.

மலர்க்கொடி ஒரு காலை மடக்கி முன்னே வைத்தாள். டைல்ஸ் வழுக்கியது. காலையில் களத்தில் ஐந்து முறை எழுந்த தொடை இப்போது முரண்டு பிடித்தது. வலது கை தரைக்குப் போனது. போன கையைத் திருப்பித் தன் முழங்கால் மேலேயே வைத்து அழுத்தினாள். முனகல் ஒன்று வெளியே வந்தது. ஆடி, அசைந்து, எழுந்து நின்றுவிட்டாள். தரையில் கை படவில்லை.

மூச்சு வாங்கியது. "பாத்தியா?" என்றாள்.

வெற்றிச்செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். கலைமணி சிரிக்கவில்லை. "அந்தச் சட்டைய எடுத்துட்டு வா" என்றான்.

எடுத்து வந்தாள். அவன் அதைக் கையில் வாங்கி, காலர் நைந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"பத்தாவதுல நான் ஸ்கூல் பர்ஸ்ட் வந்தப்ப பரிசு குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ காட்டுலேருந்து நேரா வந்த. இதே சட்டையோட. ஹால்ல கடைசியில நின்ன. நான் மேடையிலேருந்து உன்னப் பாத்தேன். பாத்துட்டுப் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். பசங்க யாருக்கும் நீதான் எங்கம்மான்னு தெரியக் கூடாதுன்னு." அவன் காலரை விரலில் சுருட்டினான். "அன்னைலேருந்து இந்தச் சட்டையப் பாத்தாலே எனக்கு ஒடம்பு கூசுதும்மா. உன்னால இல்ல. என்னால."

அன்று வாசலில் சட்டைகளை அவன் ஏன் அத்தனை ஆவேசமாகக் கொளுத்தினான் என்பது மலர்க்கொடிக்கு இப்போது விளங்கியது. அவன் கன்னத்தைத் தடவினாள்.

"நீ திரும்பிக்கிட்டது எனக்குத் தெரியும்டா. அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியாதா? அதனாலதான் கைதட்டிட்டு உடனே போயிட்டேன். நீ கோணிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு."

கலைமணி சட்டையில் முகத்தைப் பொத்திக்கொண்டான். முப்பத்தொரு வயது வாத்தியார், பள்ளிக்கூடத்தில் குரல் கொடுத்தால் மூன்று வகுப்பு அடங்கும். அவன் அழுவதைப் பார்க்காத மாதிரி வெற்றிச்செல்வி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நீ தெனம் நட. வேணாம்னு சொல்லல" என்றான் கடைசியில். "இது மட்டும் வேணாம். எங்கம்மா நடக்கறாங்கன்னு ஊருக்குத் தெரியட்டும். இத எங்கிட்டயே குடு. கொளுத்த மாட்டேன்."

"எடுத்துக்க."

சட்டையை மடித்து அவன் தன் அறைக்குக் கொண்டுபோனான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது மலர்க்கொடிக்கு. அன்று ராத்திரிச் சோற்றில் பாதியைத் தள்ளி வைத்துக் கூடக் கொஞ்சம் கீரை கேட்டாள். வெற்றிச்செல்வி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மலர்க்கொடி முன்வாசல் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். சட்டை இல்லாமல் தோளும் முதுகும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பனி நேராக மேலே பட்டது.

நூறு அடி போவதற்குள் கொளஞ்சியப்பனின் மொபெட் வந்து நின்றது. கேன் இரண்டும் ஆடின.

"என்னாக்கா, இன்னைக்குச் சட்டையக் காணோம்? வேலை இல்லையா?"

"இல்ல."

"அப்பறம் எங்க கெளம்பிட்ட?"

"நடக்கப் போறேன்."

"அதான், எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்க."

"சும்மாவா?"

"சும்மாதான். பாலம் வரைக்கும் போயிட்டு வூட்டுக்கு வந்துருவேன்."

கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தான். கேட்பதற்கு இன்னும் ஏதோ இருக்கிற மாதிரி பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. "சரி, போயிட்டு வா" என்று கிளம்பினான். இவ்வளவுதானா என்று இருந்தது மலர்க்கொடிக்கு. இதைச் சொல்லப் பயந்தா இத்தனை நாள் ஒளிந்து நடந்தோம் என்று நினைத்து, கையை வீசிக்கொண்டு வேகமாகப் போனாள்.

டிரான்ஸ்பாரத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, பழக்கதோஷத்தில் கை இடது மார்புக்குப் போனது. அங்கே பை இல்லை.

கால் நின்றுவிட்டது.

சீட்டு. நாலாக மடித்தது. டாக்டர் பெண் சிவப்பு மையில் வட்டம் போட்ட இருநூற்று அறுபத்தெட்டு. சட்டையோடு சேர்த்து நேற்று அவன் கையிலேயே கொடுத்தாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தாள். வீட்டில் மாடி அறை விளக்கு எரிந்தது. கலைமணியின் அறை. எந்தக் கிழமையானாலும் இந்த நேரத்துக்கு எழுகிற பிள்ளை இல்லை அவன். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு வாராவாரம் சுகர் அளவை எழுதி வைத்தவன் அவன்தான்.

இப்போது திரும்பினால் ஐந்து நிமிடத்தில் வீடு. ஓடிப்போய், அது என்னுடையது இல்லை, மருதாயி சீட்டு என்று சொல்லிவிடலாம். நம்பினாலும் நம்புவான். ஒரு கால் திரும்பியும்விட்டது.

பிறகு மலர்க்கொடி வேறு மாதிரி நினைத்தாள். ஓடிப்போனால் அவன் பார்க்கப்போவது மூச்சிரைக்க வந்து நிற்கிற ஒரு பொய்க்காரியை. படிக்கட்டும். படித்துவிட்டு எப்படியும் வாசலுக்கு வருவான். வந்து பார்க்கும்போது, அவன் அம்மா தன் இரண்டு காலில் ரோட்டில் நடந்து வருவது அவன் கண்ணில் பட வேண்டும். அப்பாவை அவன் கடைசியாக அப்படிப் பார்த்தது எப்போது என்று அவனுக்கே ஞாபகம் இருக்காது.

பாலத்தைப் பார்த்து நடந்தாள். களத்தில் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தாள், ஒரு முறைகூடக் குறைக்கவில்லை. திரும்பி வரும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. தண்ணீர் டேங்கைத் தாண்டி, டிரான்ஸ்பாரத்தைத் தாண்டி, தெரு முனைக்கு வந்தாள்.

வாசல் கேட்டுக்கு வெளியே கலைமணி நின்றிருந்தான். ஒரு கையில் அப்பாவின் சட்டை. இன்னொரு கையில் பிரித்த காகிதம். அவனுக்குப் பின்னால் வெற்றிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மலர்க்கொடி வேகத்தைக் குறைக்கவில்லை.